டே கேர் பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு? ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

சிட்னிக்கு வந்த மூன்றாவது மாதம் மகளுக்கு டே கேரில் இடம் கிடைத்தது. அரசாங்கம் எண்பது சதவீதம் தரும், மிச்சம் இருபதுதானே என்று நானும் மனைவியும் காகிதத்தில் கணக்குப் போட்டு நிம்மதியாகத் தூங்கினோம். முதல் பில் வந்தபோது நாங்கள் நினைத்ததைப் போல ஒன்றரை மடங்கு. டே கேர்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். போய்க் கேட்டால், அங்கே இருந்த பெண் பொறுமையாக ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினார். ஏமாற்று ஒன்றும் இல்லை. எனக்குத்தான் கணக்கு தெரியவில்லை. அந்தத் தாளில் இருந்ததையும், அதற்குப் பிறகு நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

பேசப்போவது சைல்ட் கேர் சப்சிடி பற்றி, அதாவது டே கேர் கட்டணத்தில் அரசு ஏற்றுக்கொள்ளும் மானியம். எல்லாரும் சுருக்கமாக சிசிஎஸ் என்பார்கள். 2018 ஜூலையில், அதற்கு முன்பிருந்த இரண்டு உதவித் திட்டங்களுக்குப் பதிலாக வந்தது. அதனால் பத்து பதினைந்து வருடத்துக்கு முன் பிள்ளை வளர்த்த அண்ணன், அக்காமார் சொல்லும் 'ரிபேட்' கணக்கைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கீழே வரும் தொகைகள் 2025–26 நிதியாண்டுக்கு உரியவை. ஒவ்வொரு ஜூலையிலும் இவை கொஞ்சம் மாறும்.

படி 1: விசாவும் தடுப்பூசி அட்டையும்

நீங்களோ உங்கள் துணைவரோ ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தர விசாக்காரராகவோ இருக்க வேண்டும். நியூசிலாந்துக் குடிமக்களுக்கான சிறப்பு விசாவும் செல்லும். பார்ட்னர் தற்காலிக விசா, தற்காலிகப் பாதுகாப்பு விசா போன்ற சில தற்காலிக விசாக்களும் கணக்கில் வரும். ஆனால் கம்பெனி ஸ்பான்சர் செய்த தற்காலிக வேலை விசாவில் குடும்பத்தோடு வந்திருந்தால் சிசிஎஸ் கிடையாது. மாணவர் விசாவும் பெரும்பாலும் அப்படித்தான். ஆஸ்திரேலிய அரசே நேரடியாக உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்தால் மட்டும் விதிவிலக்கு. இது தெரியாமல் முழுக் கட்டணத்தில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, மானியம் வரும் வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேர்ப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. புதிதாக வந்தவர்கள் சில அரசு உதவிகளுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிசிஎஸ்ஸுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. நிரந்தர விசாவில் வந்து இறங்கியவுடனே விண்ணப்பிக்கலாம்.

பிள்ளைக்கு வயது 13 அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் படிக்கக் கூடாது. தடுப்பூசிகளும் சரியாகப் போட்டிருக்க வேண்டும். இங்கேதான் புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஊரில் எல்லா ஊசியும் போட்டாயிற்று, அட்டையும் கையில் இருக்கிறது. ஆனால் அந்த அட்டையை சென்டர்லிங்க் (அரசு உதவித்தொகைகளைக் கவனிக்கும் அலுவலகம்) பார்க்காது. ஆஸ்திரேலியத் தடுப்பூசிப் பதிவேட்டில் இருப்பதைத்தான் பார்க்கும். ஆகவே வந்த முதல் வாரத்திலேயே அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) போங்கள். ஊரில் போட்டதை அவர்கள் பதிவேட்டில் ஏற்றுவார்கள். இந்த நாட்டு அட்டவணைப்படி குறைகிற ஊசியைப் போட்டுவிடுவார்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா போன்ற மாநிலங்களில் அந்தப் பதிவேட்டின் அறிக்கை இல்லாமல் டே கேரில் சேர்க்கவே மாட்டார்கள்.

படி 2: இடம் பிடிக்கும்போது கேட்க வேண்டியவை

மானியம் அரசு அங்கீகரித்த பராமரிப்புக்குத்தான். பெரிய டே கேர் மையம், ஒருவர் தன் வீட்டிலேயே சில பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஃபேமிலி டே கேர், பள்ளிக்கு முன்னும் பின்னும் விடுமுறையிலும் நடக்கும் பராமரிப்பு, எல்லாம் இதில் அடங்கும். பக்கத்துத் தெரு ஆன்ட்டி நன்றாகப் பார்த்துக்கொள்வார், சோறும் ஊட்டிவிடுவார், ஆனால் பதிவு இல்லையென்றால் அவருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சதம்கூடத் திரும்பி வராது.

மையத்துக்குப் போன் செய்யும்போது எல்லாரும் "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்கிறோம். அதோடு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: "உங்கள் செஷன் எத்தனை மணி நேரம்? 9, 10, 12 என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதா?" செஷன் என்றால் ஒரு நாள் கட்டணத்துக்கு மையம் கணக்கில் எழுதும் மணி நேரம். இதன் அருமை படி 5-ல் தெரியும். சாப்பாடு, டயப்பர் எல்லாம் கட்டணத்தில் அடக்கமா என்றும் கேட்டுவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலுக்கான கட்டணம், டெபாசிட் இவற்றுக்கு மானியம் வராது.

உங்கள் பங்கை ரொக்கமாகக் கொடுங்கள், குறைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நடையைக் கட்டுங்கள். 2023 ஜூலை முதல் பெற்றோரின் பங்கை மின்வழியில்தான் வாங்க வேண்டும் என்பது விதி.

படி 3: விண்ணப்பம்

மைகவ் (அரசு சேவைகளுக்கான இணையதளம்) கணக்கு திறந்து, அதில் சென்டர்லிங்க்கை இணைத்து, அங்கிருந்து சிசிஎஸ் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அடையாளத்தை உறுதிசெய்ய ஒரு முறை நேரில் போக வேண்டி வரலாம். பாஸ்போர்ட், விசா விவரம், பிள்ளையின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, இருவரின் வரி எண், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாதியில் எழுந்து போய்த் தேடினால் பக்கம் தானாகவே வெளியேறிவிடும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது.

விண்ணப்பித்ததும் உங்களுக்கும் பிள்ளைக்கும் தனித்தனி வாடிக்கையாளர் எண் கிடைக்கும். அந்த இரண்டையும், இருவரின் பிறந்த தேதியையும் மையத்திடம் கொடுக்க வேண்டும். மையம் பிள்ளையின் சேர்க்கை விவரத்தை அனுப்பும். அது உங்கள் மைகவ்வில் வந்து நிற்கும். நீங்கள் திறந்து "சரி" என்று உறுதி செய்தால்தான் பணம் ஓட ஆரம்பிக்கும். இந்தக் கடைசி அழுத்தலை மறந்துவிட்டு, ஏன் இன்னும் மானியம் வரவில்லை என்று மையத்தோடு மல்லுக்கு நிற்பவர்கள் நிறைய.

விண்ணப்பித்த நாளிலிருந்து 28 நாள் வரைதான் பின்னோக்கி மானியம் தருவார்கள். பிள்ளை சேர்ந்து இரண்டு மாதம் கழித்து விண்ணப்பித்தால் முதல் ஒரு மாதத்துக் காசு போனது போனதுதான். விண்ணப்பம் முடிவாகும் வரை மையம் முழுக் கட்டணம் கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணக்கில் சரிசெய்வார்கள்.

படி 4: வருமானத்தைச் சரியாகச் சொல்வது

சிசிஎஸ் சதவீதம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. இருவருடையதையும் கூட்டி 85,279 டாலர் வரை இருந்தால் 90 சதவீதம். அதற்கு மேல் ஒவ்வொரு 5,000 டாலருக்கும் ஒரு சதவீதம் குறையும். 535,279 டாலரைத் தொட்டால் பூஜ்யம். குடும்ப வருமானம் 135,000 என்றால் 85,279-க்கு மேல் ஏறக்குறைய 50,000; அதாவது பத்துப் படி; ஆகவே சுமார் 80 சதவீதம்.

வருமானம் என்றால் கையில் வரும் சம்பளம் இல்லை. வரிக்கு உட்பட்ட வருமானத்தோடு, சம்பளத்திலிருந்து விரும்பிச் சூப்பரில் (ஓய்வுக்கால சேமிப்பில்) போடும் தொகை, கம்பெனி தரும் கார் போன்ற சலுகைகளின் அறிவிக்கப்பட்ட மதிப்பு, வாடகைக்கு விட்ட வீட்டில் காட்டும் நஷ்டம், வெளிநாட்டு வருமானம் எல்லாவற்றையும் திரும்பச் சேர்ப்பார்கள். சூப்பரில் கூடுதலாகப் போட்டு வருமானத்தைக் குறைத்துக் காட்டலாம் என்று ஆபீசில் யாராவது யோசனை சொல்வார்கள். வரிக்கு அது உதவலாம், இதற்கு உதவாது. ஊரில் உள்ள வீட்டு வாடகை, வங்கியில் கிடக்கும் வைப்புத்தொகையின் வட்டி ஆகியவற்றையும் மறக்காதீர்கள்.

இன்னொன்று: கேட்பது முழு நிதியாண்டின் வருமானம், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. மனைவிக்கு ஆண்டுக்கு 70,000 சம்பளத்தில் ஜனவரியில் வேலை கிடைத்தால் அந்த நிதியாண்டுக்கு அவர் பங்கு 35,000தான். அப்புறம் ஜூலை பிறந்ததும் அது முழு 70,000 ஆகிவிடும். நான் கோட்டைவிட்டது சரியாக இந்த இடத்தில்தான். ஜனவரியில் ஒழுங்காகத் திருத்தினேன். ஜூலையில் திரும்பவும் திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஓராண்டு கழித்து, திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது.

அதன் அளவை ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு லட்சம் என்று மதிப்பீடு கொடுத்திருக்கிறீர்கள், உண்மையில் வந்தது ஒன்றரை லட்சம். சதவீதத்தில் பத்துப் புள்ளி வித்தியாசம். ஒரு நாள் கட்டணம் 160 டாலர் (12 மணி செஷன்; ஏன் என்பது படி 5-ல்), வாரம் மூன்று நாள் என்றால் இரண்டு வாரத்துக்கு 960. அதில் பத்து சதவீதம் 96 டாலர். ஆண்டுக்கு 26 தடவை: 2,496 டாலர். மானியத்தில் அரசு முன்கூட்டியே பிடித்து வைக்கும் 5 சதவீதம் (அதுவும் படி 5-ல் வரும்) இதில் ஆயிரத்துச் சொச்சத்தைத்தான் ஈடுகட்டும். மிச்சம் ஏறக்குறைய 1,400 டாலர் உங்கள் தலையில். சம்பளம் உயர்ந்தால் அதே வாரத்தில் மைகவ்வில் மாற்றிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மதிப்பீட்டைக் கொஞ்சம் கூட்டியே போடுங்கள்; கூடப் போட்டதால் விட்டுப்போனது பின்னால் வந்து சேரும்.

படி 5: பில்லைப் பிரித்துப் பார்த்தல்

இதுதான் அந்தப் பெண் எனக்குக் கோடு போட்டுக் காட்டியது. உங்கள் சதவீதம் டே கேர் கேட்கும் கட்டணத்தின் மீது அல்ல. அரசு வைத்திருக்கும் மணிநேர உச்சவரம்பு, உங்கள் மையத்தின் மணிநேரக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான். பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைக்கு, டே கேர் மையத்தில், அந்த வரம்பு மணிக்கு 14.63 டாலர். பள்ளி செல்லும் பிள்ளைக்கு 12.81. ஃபேமிலி டே கேருக்கு 13.56.

ஒரு நாளைக்கு 160 டாலர், செஷன் 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 16 டாலர். வரம்பைத் தாண்டிவிட்டது. ஆகவே 80 சதவீதம் 14.63-க்கு மட்டும்: மணிக்கு 11.70, நாளைக்கு 117.04. வரம்புக்கு மேலே உள்ளது முழுக்க உங்கள் செலவு. இதோடு முடியவில்லை. மானியத்தில் 5 சதவீதத்தை அரசு பிடித்து வைத்துக்கொள்ளும், ஆண்டு முடிவில் கணக்குத் தீர்க்க. 117.04-ல் 5.85 போக, மையத்துக்குப் போவது 111.19. நீங்கள் கொடுப்பது 48.81. காகிதத்தில் நாங்கள் போட்டிருந்த முறையில் இது 32 ஆகியிருக்கும்.

அதே மையம், அதே 160 டாலர், ஆனால் செஷன் 12 மணி நேரம் என்று பதிவானால்? மணிக்கு 13.33தான், வரம்புக்குள் வந்துவிட்டது. இப்போது 160-க்கும் 80 சதவீதம் கிடைக்கும்: 128 டாலர். அதில் 5 சதவீதம் போக 121.60. உங்கள் பங்கு 38.40. பிள்ளை காலை எட்டரைக்குப் போய் மாலை நாலரைக்கு வந்தாலும் கணக்கு ஒன்றுதான், ஏனென்றால் மானியம் கட்டணம் வாங்கும் செஷனுக்கு, உள்ளே இருந்த நேரத்துக்கு அல்ல. ஒரு நாளைக்குப் பத்து டாலருக்கு மேல் மிச்சம், ஒரு சின்னக் கேள்வி கேட்டதற்கு.

அப்படியானால் எப்போதும் 12 மணி நேரம்தான் லாபமா? இல்லை. மணிக்கணக்குக்கும் ஒரு வரம்பு உண்டு. 2026 ஜனவரி 5 முதல், தகுதியுள்ள எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரத்தில் 72 மணி நேரம் உறுதி, வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும். அதாவது வாரம் மூன்று நாள், நாளைக்கு 12 மணி. புதிதாக வந்து இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். பெற்றோர் இருவரும் இரண்டு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை, படிப்பு, பயிற்சி, வேலை தேடுதல் போன்றவற்றில் இருந்தால் 100 மணி நேரம் கிடைக்கும். இருவரில் யாருக்கு நேரம் குறைவோ அவரை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

இப்போது 72 மணி நேரம் உள்ள குடும்பம் வாரம் நாலு நாள் விடுகிறது என்று வையுங்கள். 12 மணி செஷனில் இரண்டு வாரத்துக்கு 96 மணி நேரம். 24 மணி நேரத்துக்கு மானியமே இல்லை. மொத்த மானியம், பிடித்தம் போவதற்கு முன், 768 டாலர். அதையே 9 அல்லது 10 மணி செஷனாக மாற்றினால் 72 மணி நேரத்துக்கும் வரம்பு அளவு முழுசாகக் கிடைத்து 842 டாலர் சொச்சம் வரும். ஐந்து நாள் விடுகிற, 100 மணி நேரம் உள்ள குடும்பத்துக்கும் இதே கதை: 12 மணி செஷனில் 1,066, 10 மணி செஷனில் 1,170. ஆகவே மணி நேரம் மிஞ்சிக் கிடந்தால் நீண்ட செஷன், பற்றாக்குறை என்றால் குறுகிய செஷன். ஆனால் குறுகிய செஷனில் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் அபராதம் போடும் மையங்கள் உண்டு. ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் அதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஐந்து வயதோ அதற்குக் குறைவோ உள்ள இரண்டு பிள்ளைகள் இருந்தால், பொதுவாக மூத்த பிள்ளைக்கு வழக்கமான சதவீதம். இளையவருக்கு அதோடு 30 புள்ளி கூட்டி, அதிகபட்சம் 95 சதவீதம் வரை. மிக உயர்ந்த வருமானக்காரர்களுக்கு இது கிடையாது. இதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டாம்; இளைய பிள்ளையின் சேர்க்கை உறுதியானதும் தானாக வரும்.

படி 6: விடுப்பும் ஊர்ப் பயணமும்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்துக்கொண்டாலும் மையம் கட்டணம் வாங்கும்; அந்த நாளுக்கும் மானியம் வரும், நிதியாண்டுக்கு 42 நாள் வரை. நீங்கள் பதிவு செய்த நாளில் வரும் பொது விடுமுறைக்குக் கட்டணம் போட்டால் அதுவும் இந்த 42-ல் கழியும். நோய் போன்ற காரணங்களுக்கு இதற்கு மேலும் தருவார்கள்; மருத்துவச் சான்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஊருக்குப் போவது தனிக் கவலை. டிசம்பரில் போனால் பொங்கல் முடித்துத்தான் வருவோம். ஆறு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் சிசிஎஸ் நின்றுவிடும். அப்படி நின்றால் இடத்தைக் காப்பாற்ற முழுக் கட்டணம் கொடுக்க வேண்டி வரும். டிக்கெட் போடும் முன்பே நாளை எண்ணிவிடுங்கள்.

மையத்தை விட்டு நிற்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. பிள்ளை கடைசியாக நேரில் வந்த நாளுக்குப் பிறகு வரும் விடுப்பு நாட்களுக்குப் பொதுவாக மானியம் கிடையாது. நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரம் எதற்கு அனுப்ப வேண்டும் என்று வீட்டில் வைத்துக்கொண்டால், அந்த வாரத்துக்கு முழுக் கட்டணம் கேட்டுப் பில் வரும். கடைசி நாள் ஒரு மணி நேரமாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைக்கும் டீச்சரிடம் டாட்டா சொன்ன மாதிரி இருக்கும்.

படி 7: ஜூன் முடிந்ததும்

இருவரும் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஒருவருக்கு அந்த அளவுக்கு வருமானம் இல்லையென்றால், தாக்கல் செய்யத் தேவையில்லை என்று சென்டர்லிங்க்குக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தைப் புதிதாக வந்தவர்கள் மறப்பது வழக்கம்: வேலைக்குப் போகாத துணைவரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே என்று இருந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 30-க்குள் வருமானம் உறுதியாகாவிட்டால் மானியம் நின்றுபோகும். உறுதியானதும் பிடித்து வைத்த 5 சதவீதத்தோடு கணக்குப் பார்த்து, மிச்சம் இருந்தால் வங்கியில் போடுவார்கள், குறைந்தால் கேட்பார்கள். வாரம் மூன்று நாள், நாம் பார்த்த 12 மணி செஷன் கணக்கில், அந்த 5 சதவீதம் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் அளவுக்கு வரும். மதிப்பீடு சரியாக இருந்தால் அந்தக் காசு முழுசாகத் திரும்பும்.

கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம், தவணையாகக் கட்டலாம். நான் அப்படித்தான் கட்டினேன். திடீரென்று வேலை போனது போன்ற நெருக்கடி என்றால் தற்காலிக நிதி நெருக்கடிக்கான கூடுதல் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அதிகபட்சம் 13 வாரம், பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டணம் முழுவதையும் அது ஈடுகட்டும். பேரப்பிள்ளையை முழுப் பொறுப்பில் வளர்க்கும், அரசு வருமான உதவி பெறும் தாத்தா பாட்டிக்கும் இப்படி ஒரு தனி வழி உண்டு.

ஆங்கிலத்தில் இதையெல்லாம் பேசத் தயக்கம் என்றால் 131 202-க்குப் போன் செய்து தமிழ் என்று சொல்லுங்கள், தமிழிலேயே பேச ஏற்பாடு செய்வார்கள். கையில் வாடிக்கையாளர் எண்ணும் கடைசிப் பில்லும் இருக்கட்டும். காத்திருப்பு நீளும், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சமையலைத் தொடங்கிவிடுங்கள்.